நீலகிரித் தைலத்தில் சினியோல் 62 சதவீதத்தைத் தாண்டவில்லை: மறுவடிப்பு தெரிந்தவர்கள் உதவுங்கள்

கோத்தகிரி பக்கம் சின்ன அளவில் கற்பூர மர (யூகலிப்டஸ்) தைலம் காய்ச்சுகிறோம். குளோபுலஸ் வகை இலைதான். வலிநிவாரணி பாம் செய்யும் ஒருவர் வாங்கிக்கொள்ளத் தயார்; மருந்துத் தரம் வேண்டும், சினியோல் (இந்தத் தைலத்தின் முக்கியப் பொருள்) 70 சதவீதமாவது இருக்க வேண்டும் என்கிறார். ஆய்வக அறிக்கையில் 62 வந்தது, ஆல்ஃபா பைனீன் என்ற இன்னொரு பொருள் நிறைய இருக்கிறது. போதாததற்கு, பாட்டிலைத் திறந்ததும் மூக்கில் ஏறி இருமல் வருகிறது. மூக்கடைப்புக்கு ஆவி பிடிக்கிற சரக்கு இப்படி இருந்தால் யார் வாங்குவார்கள்?

கொப்பரை ஸ்டீல், கீழே விறகு அடுப்பு, நீராவி முறை. மழைக்காலம் முடிந்து காய்ச்சியதிலிருந்தே இந்தத் தொல்லை.

இலையை நிழலில் வாட்டிப் போட்டுப் பார்த்தோம். இளந்தளிரை ஒதுக்கி முற்றிய இலையாகப் போட்டோம், கொஞ்சம் ஏறியது, அவ்வளவுதான். காரத் தண்ணீரில் கழுவியதில் இருமல் நெடி குறைந்தது, சினியோல் அப்படியே நிற்கிறது. முதலில் இறங்கும் எண்ணெயைத் தனியே எடுத்து வைத்தும் பெரிய மாற்றமில்லை.

பைனீன் 156 டிகிரியிலும் சினியோல் 176 டிகிரியிலும் கொதிக்கும், அதனால் பிரிக்கலாம் என்பது புரிகிறது. ஆனால் விறகு அடுப்பில் அந்த இருபது டிகிரியைப் பிடிப்பது லேசில்லை. வெற்றிட இயந்திரம் வாங்க வசதியும் இல்லை.

இருபது லிட்டர் அளவில், பேக்கிங் (ஆவி பிரிவதற்கு உள்ளே போடும் நிரப்பு) நிரப்பிய கோபுரம் வைத்து எண்ணெயை மறுபடி காய்ச்சி வடித்தவர்கள் இருந்தால், கோபுரம் எவ்வளவு உயரம் வைத்தீர்கள், உள்ளே எதை நிரப்பினீர்கள்?