ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் ஐந்து நாள்: எந்த இடத்தை எப்போது படமெடுப்பது?

கேள்வி:
அக்டோபர் நடுவில் ஸ்கை போகிறோம். இன்வர்னஸ் நகரில் வாடகைக் கார் எடுக்கிறோம். நிலக்காட்சிப் படங்கள்தான் நோக்கம். எங்கே தங்குவது, எந்த நேரத்தில் எங்கே நிற்பது?

பதில் 1:
தீவின் முக்கிய ஊரான போர்ட்ரீயில் தங்குங்கள். ஓல்ட் மேன் ஆஃப் ஸ்டார் என்ற பாறைத்தூண், குயிரேங் என்ற மலைச்சரிவு இரண்டும் கிழக்குப் பார்த்தவை, விடியலுக்கு ஏற்றவை. அப்போது சூரியன் எட்டு மணிக்குச் சற்று முன்புதான் உதிக்கும். ஸ்டாரில் மேலே ஏற ஒரு மணி நேரமாவது ஆகும்; இருட்டிலேயே கிளம்பணும், தலைவிளக்கு கட்டாயம். அந்திக்கு மேற்கு முனையான நீஸ்ட் பாயிண்ட். அங்கே கலங்கரை விளக்கம் வரை இறங்கினால் பாறையின் முழு வடிவம் கிடைக்காது. மேலே விளிம்பிலிருந்தே எடுங்கள்.

பதில் 2:
காற்றுதான் பெரிய எதிரி. டிரைபாடின் (கேமரா முக்காலி) நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். எடைக்காக அதில் பையைத் தொங்கவிட்டால் பை தரையைத் தொடணும், இல்லையென்றால் அதுவே ஊசலாடிப் படத்தைக் கெடுக்கும். ஃபேரி பூல்ஸ் என்ற ஓடைக் குளங்களில் போலரைசர் (நீரின் பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர்) போட்டு, ஷட்டரைக் கால் முதல் அரை வினாடி திறந்து வையுங்கள். அதற்கு மேல் போனால் நீரோட்டத்தின் கோடுகள் கரைந்து வெறும் வெள்ளையாகிவிடும். எல்கோல் கடற்கரையில் ஃபில்டரில் உப்புத் துளி படியும். உலர் துணியால் தேய்த்தால் படலமாகப் பரவும். முதலில் நல்ல தண்ணீர், பிறகு துணி.

பதில் 3:
ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய ஒற்றைத்தடச் சாலைகளில் எதிரே வண்டி வந்தால், ஒதுங்குமிடம் இடப்பக்கம் இருந்தால் அதில் ஒதுங்குங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேரே நம் பக்கத்திலேயே நிற்கணும். படமெடுக்க அங்கே காரை நிறுத்தவே கூடாது. அந்த மாதத்தில் மிட்ஜ் என்ற கடிக்கும் சிறு பூச்சிகளின் தொல்லை அநேகமாக இராது.