மாலத்தீவு: விமான நிலையத்திலிருந்து ரிசார்ட்டுக்குக் கடல் விமானமா, உள்நாட்டு விமானமா, விரைவுப்படகா?

நெய்தல்நிலா (கேள்வி)

வணக்கம். வரும் ஆகஸ்ட் மாதம் குடும்பத்துடன் மாலத்தீவு செல்லவிருக்கிறோம். நானும் கணவரும், ஐந்து வயது மகளும், முழங்கால் வலியால் படி ஏறி இறங்கச் சிரமப்படும் என் மாமியாருமாக நான்கு பேர். விமானச் சீட்டு எடுத்தாகிவிட்டது. மாலை 4.40க்கு வெலானா விமான நிலையத்தில் இறங்குகிறோம். நான்கு இரவுகள் தங்கி, ஐந்தாம் நாள் காலை 8.15க்குத் திரும்புகிறோம். தங்குமிடம் மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

மாண்டா திருக்கைகளைப் பார்க்க வேண்டும் என்பது கணவரின் நெடுநாள் ஆசை. அதற்காகவே பா அட்டோலில் (அட்டோல் என்பது வளையமாக அமைந்த பவளத்தீவுக் கூட்டம்) உள்ள ஒரு ரிசார்ட்டைப் பார்த்து வைத்திருக்கிறார். அறை வாடகை எங்கள் சக்திக்கு உட்பட்டதாகவே இருந்தது. ஆனால் போக்குவரத்துக்கு எவ்வளவு என்று எழுதிக் கேட்டபோது, நீரிலேயே ஏறி இறங்கும் கடல் விமானத்தில் போய்வரப் பெரியவர் ஒருவருக்கு 500 டாலர், குழந்தைக்கு 250 டாலர், ஆக மொத்தம் 1,750 டாலர் என்று பதில் வந்தது. உள்நாட்டு விமானமும் படகும் சேர்ந்த வழி இதைவிடக் குறைவு என்கிறார்கள். தலைநகர் மாலேவுக்கு அருகிலுள்ள தீவுகளுக்கு விரைவுப்படகே போதுமாம். வயதானவரையும் குழந்தையையும் அழைத்துச் செல்லும் எங்களைப் போன்றவர்களுக்கு இவற்றில் எது பொருத்தமாக இருக்கும் என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

கரைவலை

அம்மா, எது வசதி, எது மலிவு என்று பார்ப்பதற்கு முன்னால் உங்கள் விமான நேரங்கள் எதற்கு இடம் கொடுக்கின்றன என்று பாருங்கள். அதிலும் போகும் நேரத்தைவிடத் திரும்பும் நேரமே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. பலரும் அதைக் கடைசியில்தான் கவனிக்கிறார்கள்.

கடல் விமானங்கள் கண்பார்வையை நம்பி ஓட்டப்படுபவை. பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். மாலேயில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஆறேகால் மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். நீங்கள் 4.40க்கு இறங்கிக் குடிவரவுச் சோதனை முடித்துப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் அன்றைய கடைசிக் கடல் விமானமும் போயிருக்கும். பிற்பகல் மூன்றரை மணிக்குள் வந்திறங்குபவர்களை மட்டுமே அன்றே அழைத்துச் செல்ல முடியும் என்று ரிசார்ட்டுகள் பொதுவாகச் சொல்வது இதனால்தான். எனவே முதல் இரவை நீங்கள் விமான நிலையத்தை அடுத்த ஹுல்ஹுமாலேயில் ஒரு விடுதியில் கழிக்க வேண்டியிருக்கும். திரும்பும்போது நிலைமை இன்னும் மோசம். 8.15 விமானத்துக்கு ஐந்தேகால் மணிவாக்கில் நிலையத்தில் இருக்க வேண்டும். அந்நேரத்தில் எந்தக் கடல் விமானமும் கிளம்பியிருக்காது. ஆகவே நான்காம் இரவும் ஹுல்ஹுமாலேயில்தான். 1,750 டாலர் கொடுத்துவிட்டு, ஆசைப்பட்ட தீவில் இரண்டே இரவுகள் தங்குவீர்கள்.

உள்நாட்டு விமானத்துக்கு வெளிச்சக் கட்டுப்பாடு இல்லை. பா அட்டோலின் தரவந்தூ தீவுக்கு ஏறக்குறைய 20 நிமிடப் பயணம். அங்கிருந்து ரிசார்ட்டின் படகு வந்து அழைத்துச் செல்லும். மாலை விமானத்தில் இடம் கிடைத்தால் முதல் இரவு மிஞ்சும். ஆனால் திரும்பும் காலை 8.15ஐப் பிடிக்க அதையும் நம்ப முடியாது. முந்தைய மாலையே மாலே திரும்புவதுதான் பத்திரம்.

இந்த நேரங்களை மாற்ற முடியாது என்றால் வடக்கு மாலே அட்டோலில், விரைவுப்படகில் அரை மணிக்குள் செல்லக்கூடிய ரிசார்ட் ஒன்றைத் தேடுங்கள். படகுத்துறை வருகை வாயிலுக்கு எதிரிலேயே இருக்கிறது. இரவிலும் படகு ஓடும். "வடக்கு" என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆகஸ்ட், தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். தெற்கு மாலே அட்டோலுக்குச் செல்லும் படகுகள் இரண்டு அட்டோல்களுக்கும் நடுவிலுள்ள வாதூ கால்வாயைக் கடக்க வேண்டும். காற்று வலுத்த நாளில் அங்கே படகு எழும்பி எழும்பி விழும். முதுகிலும் முழங்காலிலும் வலி உள்ளவர்களுக்கு அது தண்டனை. வடக்கு அட்டோலின் உட்புறத் தீவுகளுக்குப் போகும் பாதையைப் பவளத்திட்டுகள் ஓரளவு காக்கின்றன. எந்தப் படகானாலும் உங்கள் மாமியாரைப் பின்வரிசையில் அமர வையுங்கள். முன்புறம்தான் அதிகம் தூக்கிப்போடும்.

மாண்டாவைப் பற்றி ஒரு வார்த்தை. பா அட்டோலின் ஹனிஃபாரு விரிகுடாவுக்கு ஈடு இணை இல்லை என்பது உண்மைதான். ஆயினும் வடக்கு மாலேயில் லங்கன்ஃபினோலு தீவையொட்டி மாண்டாக்கள் உடலைச் சுத்தம் செய்துகொள்ள வரும் பவளத்திட்டு ஒன்று இருக்கிறது. இதே பருவத்தில்தான் அங்கும் அவை வருகின்றன. ஆனால் அது ஸ்கூபா, அதாவது காற்றுக்குடுவையுடன் ஆழ்நீரில் மூழ்கத் தெரிந்தவர்களுக்கான இடம். ஹனிஃபாருவில் நிலைமை நேர்மாறு: அங்கே ஸ்கூபாவுக்குத் தடை, மேல்நீரில் மிதந்தபடிதான் பார்க்க வேண்டும். உங்கள் கணவர் எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தூரவானம்

கரைவலை அவர்கள் கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருந்தாலும் கடல் விமானத்தை வெறும் போக்குவரத்துச் செலவாக மட்டும் பார்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. இறக்கை மேலே இருப்பதால் சன்னலுக்குக் கீழே மறைப்பு ஏதுமின்றி, நீல மையில் சுண்ணாம்பு வட்டங்கள் வரைந்தாற்போல அட்டோல்கள் தெரியும். படகில் போகிறவர்களுக்கு அந்தக் காட்சி கிடைக்காது. சீட்டைச் சிறிது கட்டணம் கட்டி மாற்ற முடியுமானால், நண்பகலுக்கு முன் இறங்கிப் பிற்பகலில் திரும்பும்படி மாற்றிவிட்டுப் பா அட்டோலுக்கே செல்லுங்கள். போக ஒன்றும் வர ஒன்றும் என்று கலந்து ஏற்பாடு செய்ய முடியுமா என்றும் ரிசார்ட்டைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஆனால் எதற்கு ஆயத்தமாக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ட்வின் ஆட்டர் என்ற சிறிய விமானம் அது. ஏறக்குறைய 15 பேர் அமரலாம். மிதவை மேடையிலிருந்து சில குறுகிய படிகளில் ஏறிக் குனிந்தபடிதான் இருக்கைக்குச் செல்ல வேண்டும். உங்கள் மாமியாருக்கு இது மட்டுமே சிரமம், பணியாளர்கள் கைகொடுப்பார்கள். குளிர்சாதனம் கிடையாது. இரைச்சல் அதிகம் என்பதால் குழந்தைக்குக் காதடைப்பான் எடுத்துச் செல்லுங்கள் (விமானி வெறுங்காலுடன் அமர்ந்து ஓட்டுவதைப் பார்த்தால் அவளுக்கு அழுகை மறந்துவிடும்). பெரிய பெட்டிக்கு 20 கிலோ, கைப்பைக்கு 5 கிலோ என்பது வழக்கமான வரம்பு. கைப்பையையும் நிறுத்துப் பார்ப்பார்கள், கூடுதல் எடைக்குக் கட்டணம் உண்டு. நேரமும் பெரும்பாலும் முந்தைய நாள் மாலையில்தான் தெரியவரும். வழியில் வேறு ரிசார்ட்டுகளில் இறங்கி ஏறுவதும் உண்டு. முப்பத்தைந்து நிமிடம் என்று சொன்னது ஒரு மணி நேரமானால் வியப்படைய வேண்டாம்.

உப்புக்காற்று

ரிசார்ட்தான் வேண்டும் என்று இல்லையெனில், மக்கள் வாழும் தீவுகளில் உள்ள விருந்தினர் இல்லங்களையும் எண்ணிப் பாருங்கள். ரிசார்ட் தீவுக்கு அவர்கள் ஏற்பாடு செய்யும் வாகனத்தைத்தான் நம்பியிருக்க வேண்டும். பேரம் பேச வழியில்லை. மாஃபுஷி போன்ற தீவுகளுக்கோ பொது விரைவுப்படகுகள் நேரப்படி ஓடுகின்றன. அரை மணி முதல் முக்கால் மணிப் பயணம், ஆளுக்கு ஏறக்குறைய 25 டாலர். அரசுப் படகு இன்னும் மலிவுதான், இரண்டு மூன்று டாலரில் முடிந்துவிடும். ஆனால் அது விமான நிலையத்திலிருந்து அல்லாமல் மாலே நகரிலிருந்து கிளம்புகிறது, ஒன்றரை மணி நேரம் எடுக்கும், வெள்ளிக்கிழமைகளில் ஓடாது. பெட்டிகளும் குழந்தையும் வயதானவரும் உள்ள குடும்பத்துக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். மாஃபுஷி தெற்கு மாலே அட்டோலில் இருப்பதால், வாதூ கால்வாய் பற்றி மேலே எழுதியது இதற்கும் பொருந்தும்.

நெய்தல்நிலா

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. திரும்பும் விமானத்தை மாற்றக் கேட்ட கட்டணம், அறை வாடகையில் ஓர் இரவுக்கு மேல் ஆகிறது. ஆகவே பா அட்டோலை வேறொரு முறைக்கு ஒத்திவைக்கக் கணவரும் ஒப்புக்கொண்டார். அவருக்கு ஸ்கூபா தெரியும் என்பதால் லங்கன்ஃபினோலு யோசனை அவரைப் பாதி சமாதானப்படுத்தியிருக்கிறது. வடக்கு மாலேயில் படகில் 25 நிமிடத் தொலைவிலுள்ள ஒரு ரிசார்ட்டுக்கு எழுதியிருக்கிறேன். பதிவு செய்வதற்கு முன் வேறு எதையெல்லாம் அவர்களிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்?

கரைவலை

நல்ல முடிவு. முதலாவது, அவர்கள் சொன்ன கட்டணம் போக வர இரண்டுக்குமா, வரியும் சேர்ந்ததா என்பது. இரண்டாவது, உங்கள் விமானம் தாமதமானால் படகு காத்திருக்குமா, இரவு நேரத்துக்குக் கூடுதல் கட்டணம் உண்டா என்பது. குழந்தை அளவு உயிர்காப்புச் சட்டை படகில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். மாமியாருக்கு முழங்கால் வலி என்பதையும் அதே கடிதத்தில் எழுதினால், இறங்குதுறையில் தாங்கிப் பிடிக்க ஆளும் அங்கிருந்து அறைக்குச் செல்ல மின்வண்டியும் ஏற்பாடு செய்வார்கள்.

இன்னொன்று முக்கியம். சில ரிசார்ட்டுகள் விருந்தினர்கள் சூரிய ஒளியைக் கூடுதலாக அனுபவிக்கட்டும் என்று தங்கள் கடிகாரத்தை மாலே நேரத்தைவிட ஒரு மணி முன்னால் வைத்திருக்கின்றன. 8.15 விமானத்துக்குப் படகு விடியற்காலை நான்கரை வாக்கில் கிளம்ப வேண்டியிருக்கும். அவர்கள் குறிப்பிடும் நேரம் மாலே நேரமா, தீவின் நேரமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அந்த வேளையில் உணவகம் திறந்திருக்காது என்பதால், காலை உணவைப் பொட்டலமாகக் கட்டித்தர முந்தைய இரவே வரவேற்பறையில் சொல்லிவையுங்கள்.