பழைய 3 அங்குல இரும்பு டவுன் பைப்பில் புது பைப் பொருந்தவில்லை, என்ன செய்யலாம்?

குன்னூர் மேல்வீடு:
வணக்கம். எங்கள் வீடு தாத்தா வாங்கும்போதே பழைய வீடு. நெளி தகட்டுக் கூரை, ஓரம் முழுக்க மழைநீர் ஓடும் அரைவட்ட ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) கட்டர், நான்கு மூலையிலும் அந்தத் தண்ணீரைக் கீழே இறக்கும் வார்ப்பிரும்பு டவுன் பைப். பின்பக்க டவுன் பைப்பின் கீழ்த் துண்டு நெடுக விரிசல் விட்டு, அடியில் தண்ணீரை வெளியே தள்ளும் வளைவும் உடைந்துவிட்டது. மேலே உள்ள இரண்டு துண்டும் நன்றாகவே இருக்கின்றன. கடையில் 3 அங்குலம் என்று கேட்டதற்கு 75 எம்.எம். பி.வி.சி. கொடுத்தார்கள். மேல் குழாயின் நுனி புதுக் குழாயின் அகன்ற வாயான சாக்கெட்டுக்குள் நுழையவில்லை, கொஞ்சம்தான் இடிக்கிறது. சூடு காட்டி விரித்துச் செருகலாம் என்கிறார் ஒருவர், எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாகப் போடுங்கள் என்கிறார் இன்னொருவர். கட்டரிலும் ஓர் ஆறடி துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது, அதே வடிவம் எங்கும் கிடைக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் மண் வெட்டிய மேடு இருப்பதால் ஐப்பசி மழைக்குள் முடித்தாக வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேட்டுப்பாளையம் பிளம்பர்:
அண்ணா, சூடு காட்டி விரிக்க வேண்டாம். விரித்த இடம் மெலிந்துவிடும், மலை வெயிலில் சீக்கிரம் வெடிக்கும்.

ஏன் பொருந்தவில்லை என்றால், பழைய வார்ப்பிரும்பில் 3 அங்குலம் என்பது உள்ளளவு. இரும்பின் கனம் சேர்ந்தால் வெளியளவு 80 எம்.எம்-ஐத் தாண்டிவிடும். பி.வி.சி-யில் 75 என்பது வெளியளவு. பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல, அதனால் கடையில் அங்குலம் சொல்லிக் கேட்கவே கேட்காதீர்கள். குழாயைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி, நூலின் நீளத்தை எம்.எம்-இல் அளந்து 3.14-ஆல் வகுங்கள். வருவதுதான் வெளியளவு. சில பழைய குழாய்களுக்கு நுனியில் விளிம்பு தடித்திருக்கும், அங்கேயும் ஒரு முறை சுற்றிப் பாருங்கள்.

82, 83 என்று வந்தால் வேலை சுலபம். தோட்டத்துக்குப் போடும் 90 எம்.எம். பி.வி.சி. குழாயில் மெல்லிய ரகத்துக்கு உள்ளளவு 84, 85 வரும், இரும்பு நுனி சாக்கெட் இல்லாமலேயே அதற்குள் இறங்கிவிடும். குறைந்தது 3 அங்குலம் உள்ளே இறங்கட்டும். எப்போதும் மேல் குழாய் உள்ளே, கீழ்க் குழாய் வெளியே என்றுதான் இருக்க வேண்டும். இதைத் தலைகீழாகப் போட்டால் எந்தப் பசை தடவினாலும் சுவரில் வழியும். 90 கிடைக்காவிட்டால் 110-க்கு 75 ரெடியூசரை (பெரிய குழாயைச் சிறியதோடு சேர்க்கும் துண்டு) அகன்ற வாய் மேலே பார்க்கப் போட்டு அதற்குள் இரும்பை இறக்கலாம், ஆனால் சருகு நிறைய விழும் இடத்தில் அந்தக் குறுகலில் அடைக்கும்.

இன்னொன்று, ஜாயின்டை இறுக்கி அடைக்காதீர்கள். வெளிச்சுவர் மழைக் குழாய்க்கு அது தேவையில்லை. அடைப்பு விழுந்தால் அதற்கு மேல் உள்ள ஜாயின்டில் தண்ணீர் வெளியே வரும், எங்கே அடைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பி.வி.சி. வெயிலில் நீளும், 4 மீட்டர் துண்டு காலைப் பனிக்கும் மதிய வெயிலுக்கும் இடையே 1 செ.மீ. வரை நீளக்கூடும். அதற்கும் இடம் வேண்டுமே.

வெலிங்டன் மழை:
பழசோடு போராடுவதை விட மொத்தமாக மாற்றுவதே நல்லது என்பது என் கருத்து. கலர் கோட்டிங் தகட்டில் கட்டர், 110 எம்.எம். பைப். இன்று ஒரு துண்டு, அடுத்த வருஷம் இன்னொரு துண்டு என்று ஆள் கூப்பிட்டுக்கொண்டே இருப்பதில் செலவும் அலைச்சலும்தான் மிச்சம்.

மேட்டுப்பாளையம் பிளம்பர்:
இரும்பு போய்விட்டிருந்தால் நீங்கள் சொல்வது சரி சார். போய்விட்டதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். சின்னச் சுத்தியலால் லேசாகத் தட்டினால் நல்ல குழாய் மணி போல ஒலிக்கும், விரிசல் இருந்தால் மொத்தையாகச் சத்தம் வரும். சுவரை ஒட்டிய பின்பக்கத்தையும் கை விட்டுப் பார்க்க வேண்டும், பெயின்ட் அடிப்பவரின் பிரஷ் அங்கே போகாது, துரு முதலில் பிடிப்பது அங்கேதான். அது தேறினால் பிள்ளைகள் காலம் வரை நிற்கும். நல்ல வார்ப்பிரும்பைப் பழைய இரும்பு விலைக்குப் போடுவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை.

கோத்தகிரி தகரவேலை:
கட்டருக்கு நான் சொல்கிறேன். அதே வடிவம் கடையில் தேடாதீர்கள், கிடைக்காது, கிடைத்தாலும் வளைவு கொஞ்சம் மாறும். ஓர் அட்டையைப் பழைய கட்டரின் வாயில் வைத்து வளைவை அப்படியே வரைந்து வெட்டி, தகர வேலை செய்பவரிடம் கொடுங்கள். 22 கேஜ் கனமுள்ள ஜி.ஐ. தகட்டில் வளைத்துக் கொடுப்பார். ஆறடி ஓட்டை என்றால் ஏழடி செய்யச் சொல்லுங்கள், இரண்டு பக்கமும் ஒன்றன்மேல் ஒன்று 4 அங்குலமாவது ஏற வேண்டும், பழைய தகட்டில் துருவேறிய ஓரத்தையும் கொஞ்சம் வெட்ட வேண்டியிருக்கும். தண்ணீர் வரும் பக்கத்தில் புதுத் துண்டு பழையதற்கு அடியில், தண்ணீர் போகும் பக்கத்தில் பழையதற்கு மேலே. ரிவெட் அடித்து நடுவில் சீலன்ட் வைக்கவும். வினிகர் வாசனை அடிக்கும் சிலிகானை மட்டும் வாங்காதீர்கள், அதிலிருந்து வரும் அமிலம் துத்தநாகப் பூச்சைத் தின்றுவிடும். நியூட்ரல் என்று எழுதியிருப்பதைக் கேளுங்கள்.

வாட்டமும் பாருங்கள். 10 அடிக்குக் கால் அங்குலத்துக்குக் குறையாமல் டவுன் பைப்பை நோக்கிச் சரிவு வேண்டும். துருப்பிடித்தது அந்த ஆறடி மட்டும்தான் என்றால் அங்கே கிளாம்ப் தொய்ந்து தண்ணீர் தேங்கியிருக்கும், அதைச் சரி செய்யாமல் புதுத் தகடு போட்டால் அதுவும் அதே இடத்தில் போகும். மேலே சில்வர் ஓக் மரமோ சைப்ரஸ் மரமோ இருந்தால் டவுன் பைப் வாயில் கம்பி வலைக் கூண்டு கட்டாயம்.

ஊட்டி பழைய வீடு:
இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கட்டரோ பைப்போ சாம்பல் நிறத்தில் சிமென்ட் போல இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். கிரைண்டரால் வெட்டாதீர்கள், துளை போடாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, முழுத் துண்டாகக் கழற்றி இறக்கிவிடுங்கள்.

குன்னூர் மேல்வீடு:
எல்லோருக்கும் நன்றி. நூல் வைத்துப் பார்த்தேன், 260 எம்.எம்., அதாவது 83 வருகிறது. தட்டிப் பார்த்ததில் மேல் துண்டுகள் இரண்டும் நன்றாக ஒலிக்கின்றன. 90 எம்.எம்-ஏ போடப் போகிறேன். சுவர் பழைய செங்கல், சுண்ணாம்புக் காரை. பழைய ஆணி இருந்த மரக்கட்டை உளுத்துவிட்டது. புது கிளாம்ப் எங்கே அடிப்பது? கீழே தண்ணீரை எங்கே விடுவது?

மேட்டுப்பாளையம் பிளம்பர்:
காரையில் அடித்தால் உதிரும் அண்ணா. செங்கல்லின் நடுவில் துளை போட்டு நைலான் பிளக் வைத்து ஸ்க்ரூ முடுக்குங்கள், 4, 5 அடிக்கு ஒரு கிளாம்ப். குழாய் சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளியே நிற்கட்டும். மேலே நிற்கும் இரும்பின் கனத்தைப் பி.வி.சி. தாங்கக் கூடாது, அதற்குத் தனிக் கிளாம்ப் கட்டாயம்.

தண்ணீரை அப்படியே மண்ணில் விடாதீர்கள். 300 சதுர அடிக் கூரையில் 50 எம்.எம். மழை பெய்தாலே சுமார் 1,400 லிட்டர் இறங்கும். அது முழுவதும் மேட்டின் அடியில் ஊறினால் மண் எப்படிச் சரியும் என்று 2009 நவம்பர் மழையில் நீலகிரி முழுக்கப் பார்த்தோம். அடியில் எல்போ என்னும் வளைவுத் துண்டைப் போட்டு, சிமென்ட் வாய்க்காலிலோ மூடிய பைப்பிலோ தெரு ஓடை வரை கொண்டு போய்விடுங்கள். எல்போவை ஒட்டாமல் செருகி மட்டும் வையுங்கள், கழற்றிச் சருகு எடுக்கலாம்.