இடுப்பில் துப்பாக்கி இருந்தபோது நடந்தது: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கேட்டிவாசி

எல்.டி.சி. (டெக்சஸில் கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு போவதற்கான லைசன்ஸ்) எடுத்து தினமும் கேரி பண்ணுகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்று தெரியும். என்னுடையதை முதலில் கொட்டிவிடுகிறேன்.

ஐ-10 ஹைவேயில் லேன் மாறினேன், ஒரு பிக்கப்காரனுக்குக் கோபம். ஹாரன், விரல், எல்லாம் ஆயிற்று. எக்ஸிட் எடுத்தேன், அவனும் எடுத்தான். எச்.இ.பி. மளிகைக் கடைப் பார்க்கிங்கில் நிறுத்தினால் பின்னாலேயே வந்து இறங்கிவிட்டான். என் பக்கத்துக் கண்ணாடியைக் கல்யாண மோதிரத்தால் தட்டுகிறான். டக், டக், டக். அவசரமே இல்லாமல்.

என் வலது கை அதற்குள் சட்டை நுனிக்குப் போயிருந்தது. போன பிறகுதான் தெரிந்தது, சீட் பெல்ட் பக்கிளும் ஹோல்ஸ்டரும் (துப்பாக்கி உறை) ஒரே இடத்தில் இடித்துக்கொண்டு கிடக்கின்றன. பெல்ட்டைக் கழற்றாமல் சட்டையைக்கூடத் தூக்க முடியாது. பக்கத்தில் மனைவி, குரலே உயர்த்தாமல், "வண்டி ஓடிட்டுத்தானே இருக்கு, முன்னாடி காலியா இருக்கு, போங்க" என்றாள். போய்விட்டேன்.

அவ்வளவுதான் கதை. ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் வாய் அசைந்தது. திட்டினான் என்று நான் சொல்கிறேன். "சாரி" மாதிரி இருந்தது என்கிறாள் அவள். இன்னும் எங்களுக்குள் இது தீரவில்லை.

ரெண்டுபிள்ளை_அப்பா

வேக்கோ பக்கம் ஐ-35ல் போலீஸ் நிறுத்தியது. ராத்திரி. உள்விளக்கைப் போட்டு, கண்ணாடியை இறக்கி, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்துவிட்டேன். டெக்சஸில் கேரி பண்ணும்போது போலீஸ் ஐடி கேட்டால் டிரைவிங் லைசன்ஸோடு எல்.டி.சி.யையும் சேர்த்துக் காட்ட வேண்டும். அதை எப்படி ஆரம்பிப்பது என்று மனதில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்சீட்டிலிருந்து சின்னவள், "மை டாடி ஹாஸ் எ கன்!"

அந்த அதிகாரியின் முகம் மாறவில்லை. கட்டைவிரல் மட்டும் அவர் ஹோல்ஸ்டரின் க்ளிப் மேல் போய் உட்கார்ந்தது. நான் லைசன்ஸ் இருக்கிறது, வலது இடுப்பில் இருக்கிறது, நீங்கள் சொல்வதுபோல் செய்கிறேன் என்றேன். "அது அங்கேயே இருக்கட்டும். நீங்கள் உங்களுடையதைத் தொடாதீர்கள், நானும் என்னுடையதைத் தொடவில்லை" என்று சிரித்தார். வார்னிங்கோடு விட்டுவிட்டார். சிரிக்கும்போதும் அந்தக் கட்டைவிரல் நகரவில்லை.

லோன்ஸ்டார்_மதுரை

கேட்டி ப்ரோ, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் ஏன் ஓட வேண்டும்? 2007லேயே இங்கே சட்டம் மாறிவிட்டது. நீங்கள் இருக்க உரிமையுள்ள இடத்தில், நீங்களாக வம்பு இழுக்காமல், குற்றம் எதுவும் செய்யாமல் இருந்தால் பின்வாங்கிப் போக வேண்டிய கடமை கிடையாது. அதுக்குத்தானே லைசன்ஸ் எடுத்தோம்?

எனக்கு ஒரு தடவை ஏ.டி.எம்.மில் ஒருத்தன் ரொம்ப ஒட்டி வந்தான். திரும்பி முகத்தைப் பார்த்தேன், போய்விட்டான். அவ்வளவுதான்.

புதிதாக எடுத்தவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் ஹோல்ஸ்டர். ட்ரிகர் கார்டை (ட்ரிகரைச் சுற்றியுள்ள வளையம்) முழுக்க மூடுகிற, கைடெக்ஸ் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்ததை வாங்குங்கள். துணி ஹோல்ஸ்டர் நாளாக ஆகத் தொளதொளத்து, வாய் மடங்கி உள்ளே போகும். கிளாக் மாதிரித் துப்பாக்கிகளில் கட்டைவிரலால் போடுகிற சேஃப்டி கிடையாது. ட்ரிகரை எது அமுக்கினாலும் சுடும், அது உங்கள் விரலா, சட்டை நுனியா என்று அதுக்குத் தெரியாது. உருவும்போது வேகம் வேண்டும், திருப்பிச் செருகும்போது வேகமே வேண்டாம். சட்டையை இன்னொரு கையால் தூக்கிப் பிடித்து, குனிந்து பார்த்துச் செருகுங்கள். பேன்ட் பாக்கெட்டில் வைப்பவர்கள் அதே பாக்கெட்டில் சாவி போடாதீர்கள். பெல்ட் கெட்டியாக இருக்கட்டும், இல்லாவிட்டால் துப்பாக்கி தொங்கி, நீங்கள் நிமிடத்துக்கு ஒருமுறை அதைத் தடவி ஊருக்கே காட்டிக்கொடுப்பீர்கள். அப்புறம், எல்.டி.சி. டெஸ்ட் பாஸ் ஆனதை நம்பாதீர்கள். 50 ரவுண்டு, 3 கஜம், 7 கஜம், 15 கஜம். 250க்கு 175 எடுத்தால் போதும். பேப்பர் அசையாது, கண்ணாடியைத் தட்டாது.

சுகர்லேண்ட்_அக்கா

தம்பி, ஹோல்ஸ்டர் பாடம் நல்ல பாடம். அதை எங்கள் வீட்டுக்கு வந்த ஒருத்தருக்கு யாராவது முன்னமே நடத்தியிருக்கலாம்.

பொங்கல் பார்ட்டி. நல்ல குளிர், வந்தவர்களின் ஜாக்கெட்டெல்லாம் எங்கள் பெட்ரூம் கட்டிலில் குவித்துவைத்திருந்தோம். பிள்ளைகள் அந்தக் குவியல் மேலேயே குதித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஜாக்கெட் சரிந்து மரத்தரையில் விழுந்தது. ஜாக்கெட் விழுந்தால் என்ன சத்தம் வரும்? இது "தொம்" என்று விழுந்தது. போன் சத்தமும் இல்லை, சாவிச் சத்தமும் இல்லை. நான் அந்த அறைக்குள் டிஷ்யூ எடுக்கத்தான் போனேன். ஒன்றாங்கிளாஸ் படிக்கிற பையன் அதைத் தூக்கித் தோளில் மாட்டி, கையை உள்ளே விட்டுக்கொண்டிருந்தான்.

வாங்கி மேல் அலமாரியில் வைத்துவிட்டு, யாருடையது என்று தேடிப் போனேன். அவர் டைனிங் டேபிளில் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காதோரம் சொன்னேன். "சேஃப்டி போட்டிருக்கு அக்கா" என்றார், கரண்டியைக்கூட வைக்காமல். பக்கத்தில் அவர் மனைவி, "எதுக்குச் சேஃப்டி?" என்றாள். அவளுக்கே தெரியாது!

லோடு செய்த துப்பாக்கியை அஜாக்கிரதையாக விட்டு 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கையில் அது கிடைத்தால், சுடாவிட்டாலும் டெக்சஸில் குற்றம். இப்போதெல்லாம் வாசலிலேயே கேட்டுவிடுகிறேன். செருப்பு இங்கே, துப்பாக்கி இருந்தால் காரில். சிலருக்குக் கோபம் வருகிறது, வரட்டும்.

படிவம்_வாசிப்பவன்

அக்கா, அவர் எச்-1பி விசாவில் இல்லை என்று நம்புகிறேன்.

ஆபீஸ் நண்பன் ஒருத்தனோடு துப்பாக்கிக் கடைக்குப் போனேன். துப்பாக்கி வாங்க நிரப்ப வேண்டிய 4473 படிவத்தை வேகவேகமாக நிரப்பினான். விசா பற்றிய கேள்வி வந்ததும் பேனா நின்றது. கவுன்டரில் இருந்த பெரியவர் ஒன்றும் பேசாமல் படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு அவனையே பார்த்தார். நண்பன் காது சிவந்துவிட்டது.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன், நம்மவர்கள் பலருக்கு இது தெரியவில்லை. 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில் 21 வயதானவர்கள் லைசன்ஸ் இல்லாமலே கேரி பண்ணலாம் என்று வந்ததும், "நமக்கும்தானே" என்று நினைக்கிறார்கள். துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத் தடை இல்லாதவர்களுக்குத்தான் அது. எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ குண்டோ வைத்திருக்கக் கூடாது என்பது மத்திய அரசுச் சட்டம், மாநிலம் அதைத் தளர்த்த முடியாது. சில விலக்குகள் உண்டு, முறையாக எடுத்த வேட்டை லைசன்ஸ் அதில் ஒன்று. ஆனால் அதை யூடியூப் பார்த்து முடிவு பண்ணாதீர்கள், வக்கீலைக் கேளுங்கள். கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை. வீட்டில் ஒருவருக்கு கிரீன் கார்டு, இன்னொருவர் இன்னும் விசாவில் என்றால் சேஃப் நம்பரை அந்த இன்னொருவருக்குச் சொல்லாதீர்கள். "என்னுடையது இல்லை, திறக்க மட்டும் தெரியும்" என்பது கோர்ட்டில் நிற்குமா என்று உங்கள் கேஸில் சோதித்துப் பார்க்க வேண்டாம். மாட்டினால் ஜெயில் ஒரு பக்கம், இத்தனை வருஷம் வரிசையில் நின்ற கிரீன் கார்டு இன்னொரு பக்கம்.

டி.எஃப்.டபிள்யூ_ரெகுலர்

ஏர்போர்ட்டில் எனக்கு முன்னால் நின்றவரின் முதுகுப்பை எக்ஸ்ரேக்குள் போனதும் பெல்ட் நின்றுவிட்டது. ஸ்கிரீன் பார்த்த பெண் பையைத் தொடவே இல்லை, கையை மட்டும் தூக்கினார். போலீஸ் வந்தது. "நேற்று ஷூட்டிங் ரேஞ்சுக்கு எடுத்துப் போன பை" என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். 2023ல் மட்டும் அமெரிக்கா முழுக்க இப்படி 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன, பெரும்பாலானவை லோடு செய்தவை. மறந்துபோய்க் கொண்டுவருகிற பொருளா இது?

பாதிராத்திரி

லோன்ஸ்டார் அண்ணன் 2007 சட்டம் சொன்னார். ராத்திரித் திருட்டைத் தடுக்க, வேறு வழியில்லை என்று நியாயமாக நம்பினால் சுடலாம் என்றுகூட டெக்சஸ் பீனல் கோடில் இருக்கிறது, 9.42. அதை வரிக்கு வரி படித்தவன் நான்.

விடிவதற்கு முன் டிரைவ்வேயில் ரம்பச் சத்தம். என் ப்ரியஸ் காரின் புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை அறுக்கிறார்கள். துப்பாக்கி கையில். திரையை விலக்கினால் வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒல்லிக் கால். ஒரு ஷூவின் அடிப்பாகம் பிய்ந்து, நடப்பதற்காக டக்ட் டேப் சுற்றியிருந்தது. 911க்குப் போன் போட்டுவிட்டு உள்ளேயே நின்றேன். போலீஸ் வருவதற்குள் போய்விட்டார்கள். வண்டி டிராக்டர் மாதிரிக் கத்தியது, பணம் போயிற்று. சரி.

லோன்ஸ்டார்_மதுரை

டேப் சுற்றியவன் கையில் கன் இருந்திருந்தால்?

பாதிராத்திரி

நான் வீட்டுக்குள், கதவு பூட்டி. அவன் காருக்கு அடியில், மல்லாக்க. யார் வெளியே போனால் அது சண்டை ஆகும் அண்ணே?

விருதுநகர்_டு_ஃப்ரிஸ்கோ

ஊரில் அப்பாவுக்கு ரெட்டைக்குழல் லைசன்ஸ் உண்டு. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி, முடிந்ததும் போய் எடுத்து வருவார். இங்கே வந்தபோது என் இடுப்பைக் கவனித்துவிட்டார். "தெரியாம வச்சிருந்தா எவன் பயப்படுவான்?" என்று கேட்டார். பயப்படுத்த இல்லை அப்பா, ஆபத்துக்கு என்றேன். "அப்ப ஆபத்து வர்ற வரைக்கும் நீ ஒருத்தன்தான் பயந்துக்கிட்டு இருக்கணும்" என்றார். ஊருக்குப் போய்விட்டார், அந்தப் பேச்சு போகவில்லை.

கோயில்_வாலன்டியர்

எங்கள் கோயில் வாசலில் 30.06 போர்டு இருக்கிறது. இங்கிலீஷிலும் ஸ்பானிஷிலும், எழுத்து ஓர் இஞ்சுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் சாமி பேரைவிடப் பெரிதாகத் தெரிகிறது. லைசன்ஸ் இருந்தாலும் மறைத்து எடுத்துக்கொண்டு உள்ளே வரக்கூடாது என்று அர்த்தம். ஒருத்தர் அதைப் பார்த்துவிட்டு ஒழுங்காகத் திரும்பிப் போய், டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கதவு திறந்தபடியே இடுப்பிலிருந்து உருவி டாஷ்போர்டு டிராயரில் போட்டார். பக்கத்துக் கார்ப் பாட்டி அதைப் பார்த்துவிட்டு அர்ச்சனைத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். எதிரில் இருந்த இரண்டு பையன்களும் பார்த்தார்கள். எது எந்தக் காரில் இருக்கிறது என்று இப்போது அவர்களுக்கும் தெரியும். லாக் பாக்ஸ் எப்படி மாட்டுவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், கோயில் நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும்.

லோன்ஸ்டார்_மதுரை

சீட்டுக்கு அடியில், கேபிளைச் சீட் ரெயிலில் சுற்றி. ஆனால் கிளம்புகிற இடத்திலேயே பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள், பார்க்கிங்கில் வேண்டாம்.

சுகர்லேண்ட்_அக்கா

கோயிலுக்குத்தானே தம்பி, வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தால் என்ன?

லோன்ஸ்டார்_மதுரை

வழியில் பெட்ரோல் போடவேண்டி வந்தால்?