உப்பின் வெள்ளைக்கு ஒரு தாள்

ஃபிலிம் நெகட்டிவிலிருந்து கறுப்பு வெள்ளைப் படம் அச்சிடும் இருட்டறையில் எந்தத் தாளில் பிரிண்ட் போடுகிறீர்கள், ஏன் என்று பலரும் எழுதியிருந்ததைப் படித்தேன். என் அனுபவம் தூத்துக்குடி உப்பளத்தில் எடுத்த ஒரே ஒரு நெகட்டிவைச் சுற்றியது.

நான் தொழில் பழகியது ஒரு ஸ்டுடியோவில். ஊட்டி இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ புகைப்படத் தாள்தான் அங்கே கல்யாணப் படத்துக்கும் பாஸ்போர்ட் படத்துக்கும். பின்னாளில் வார்ம்டோன் ஃபைபர் தாளை, அதாவது படத்துக்கு இளம்பழுப்புச் சாயல் தரும், பிளாஸ்டிக் பூச்சில்லாத தாளைப் பார்த்ததும் மயங்கிவிட்டேன். மூன்று வருடம் வேறெதையும் தொடவில்லை. அந்தப் பழுப்புச் சாயல்தான் என் பாணி என்றே நம்பினேன்.

உப்பளப் படம் அந்த நம்பிக்கையைக் கலைத்தது. தலையில் உப்புக்கூடையோடு ஓர் அம்மா வரப்பில் நடந்து வருகிறார். பின்னால் உப்பு அம்பாரம். வார்ம்டோன் தாளில் அந்த உப்பு மஞ்சள் பூத்து வெண்ணெய் மாதிரி இருந்தது. உச்சிவெயிலில் உப்பளத்தில் நின்றவர்களுக்குத் தெரியும், கண்ணைத் திறக்கவே முடியாது. அந்தக் கூச்சம் படத்தில் இல்லை.

சாயமில்லாத, தூய வெள்ளை மல்டிகிரேட் ஃபைபர் தாளுக்கு மாறினேன். வண்ண ஃபில்டரை மாற்றி மாற்றி அதன் கான்ட்ராஸ்டைக் கூட்டலாம், குறைக்கலாம். உப்பின் மணிமணியான பரப்புக்கு, மிக மென்மையான 00 ஃபில்டரில் 14 விநாடி வெளிச்சம்; கூடையின் நிழலுக்கு, மிக அழுத்தமான 5ஆம் ஃபில்டரில் 9 விநாடி. ட்ரேயில் ஈரமாக இருந்தபோது உப்பு பளீரென்றது. காலையில் காய்ந்த பிறகு பார்த்தால் சாம்பல் பூத்திருந்தது. ஃபைபர் தாள் காய்ந்தால் சற்றுக் கறுக்கும் என்று தெரிந்தும் அவசரப்பட்டுவிட்டேன். வெளிச்சம் பட்டால்தான் தாள் கறுக்கும்; அதை 8 சதவீதம் குறைத்ததும் சரியாயிற்று. தாளில் ஊறிய ரசாயனத்தைக் கழுவுவதற்கு ஒரு மணி நேரம் தண்ணீரை ஓடவிட எங்கள் ஊரில் மனம் வராது. 5 நிமிடக் கழுவல், அந்த ரசாயனத்தைச் சீக்கிரம் வெளியேற்ற உதவும் வாஷ்எய்ட் கரைசலில் 10 நிமிடம், மறுபடி 5 நிமிடம்.

பாணியை மாற்றிக்கொள்வதில் எனக்கு ஒரு கூச்சம் இருந்தது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற ஊரில் எடுத்த நிலவுப் படம்தான் அதைப் போக்கியது. ஆரம்பகாலப் பிரிண்ட்களில் வானம் மேகக் கீற்றுகளோடு வெளிறியிருக்கும். பிற்காலப் பிரிண்ட்களில் ஏறக்குறைய கறுப்பு. நெகட்டிவ் ஒன்றேதான்.

பிரிண்டை அந்த அம்மாவிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். உப்பை அவர் பார்க்கவே இல்லை. “என்ன தம்பி, என் முகம் இப்படி இருட்டில் கிடக்கிறது?” என்றார்.

திரும்பி வந்து, 5ஆம் ஃபில்டர் வெளிச்சத்தில் முகத்தை மட்டும் 3 விநாடி மறைத்தேன். கண்ணோரத்துச் சுருக்கங்கள் எழுந்து வந்தன. இப்போது அவர் வீட்டுச் சுவரில் இருப்பது அந்தப் பிரிண்ட்தான்.