மறுமொழி: கல்லூரி விளையாட்டில் பணம் – 'சாயலுரிமை' என்ற சொல் பற்றி

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலச் சொற்களுக்கு நாம் தேடிவரும் தமிழ்ச்சொற்களில் 'தொலைப்பணி' (ரிமோட் வொர்க்), 'இடஞ்சார் ஊதியம்' (ஆள் இருக்கும் இடத்தைப் பொறுத்த ஊதியம்) இரண்டிலும் யாருக்கும் மறுப்பு இருப்பதாகத் தெரியவில்லை. ஆகவே, மிச்சமிருக்கும் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சொற்களுக்கு வருகிறேன். முதலில் என்.ஐ.எல். ('நேம், இமேஜ், லைக்னஸ்'): கல்லூரி ஆட்டக்காரர் தன் பெயர், படம், சாயல் ஆகியவற்றைக் கொண்டு பணம் ஈட்டும் உரிமை.

> என்.ஐ.எல். என்பதற்கு 'ஆளுமை உரிமை' போதுமே? நாளிதழ்களில் ஏற்கெனவே வருகிறது.

ஐயா, அது நல்ல சொல்தான். ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2015இல் தீர்ப்புச் சொன்னபோது பேசப்பட்டது அந்த உரிமைதான். அங்கே ஒரு புகழ்பெற்ற மனிதர், தன் பெயரையும் பாணியையும் பிறர் எடுத்தாளக் கூடாது என்று தடுக்கப் போனார். அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரரின் சிக்கல் வேறு. தன் பெயரைத் தானே விற்றுக் காசு பார்க்க அவருக்கு 2021 ஜூலை 1 வரை, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் விதிகள் இடம் தரவில்லை. பொதுவான உரிமைக்கு 'ஆளுமை உரிமை' இருக்கட்டும். இதற்குத் தனிச்சொல் வேண்டும்.

என் பரிந்துரை: முழு வடிவம் 'பெயர்–படம்–சாயல் உரிமை', சுருக்கம் 'சாயலுரிமை'.

> மூன்றில் சாயலை மட்டும் ஏன் எடுக்கிறீர்கள்? சங்கப் பாட்டில் அதற்கு மென்மை, அழகு என்றல்லவா பொருள்?

சங்கப் பொருள் சரி. ஆனால் இன்று குழந்தையைப் பார்த்து "அப்படியே அப்பா சாயல்" என்கிறோமே, அந்தப் பொருள்தான் எனக்கு வேண்டும். காரணம் எட் ஓபானன் வழக்கு. 1995இல் யூசிஎல்ஏ பல்கலைக்கழக அணிக்குக் கூடைப்பந்துப் பட்டம் வென்று தந்தவர் அவர். பல ஆண்டுகள் கழித்து ஒரு வீடியோ கேமில் தன்னையே பார்த்தார். பெயர் இல்லை, புகைப்படம் இல்லை. ஆனால் அதே 31ஆம் எண் சட்டை, அதே மொட்டைத் தலை, அதே இடக்கை ஆட்டம். கேம் விற்ற பணத்தில் அவருக்கு ஒரு காசும் வரவில்லை. 2009இல் வழக்குப் போட்டார். பெயரும் படமும் இல்லாதபோதும் ஆளை அடையாளம் காட்டுவது சாயல். அந்த உரிமை ஒப்புக்கொள்ளப்பட்டால் மற்ற இரண்டும் தானே அடங்கிவிடும்.

> இனிமேல் எல்லாவற்றையும் 'சம்பளம்' என்றே எழுதிவிடலாமே?

இதில்தான் நான் பிடிவாதமாக நிற்கிறேன். அங்கே மூன்று வகைப் பணம் உண்டு. படிப்புச் செலவுக்குக் கல்லூரி தருவது உதவித்தொகை. விளம்பரம் கேட்டு வரும் நிறுவனம் தருவது சாயலுரிமைத் தொகை. இந்தத் தொகையை அனுமதித்து 2019இல் கலிபோர்னியா போட்ட சட்டத்தின் பேச்சுவழக்குப் பெயரிலேயே 'நியாய ஊதியம்' இருக்கிறது, ஆனால் அதன்படி கல்லூரி தன் கையிலிருந்து ஒரு டாலரும் கொடுக்க வேண்டியதில்லை. மூன்றாவது புதிது. நீச்சல் வீரர் கிராண்ட் ஹவுஸ் என்சிஏஏ மீது தொடுத்த வழக்கில் நீதிபதி கிளாடியா வில்கன் 2025 ஜூனில் ஏற்ற சமரசத்தின்படி, ஜூலை 1 முதல் கல்லூரிகளே விளையாட்டாளருக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டு உச்சவரம்பு ஒரு கல்லூரிக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். இதற்கு 'வருவாய்ப் பங்கு' என்பதே பொருத்தம்.

'சம்பளம்' என்றால் எதிரில் முதலாளி இருக்கிறார், விபத்து இழப்பீடு இருக்கிறது, சங்கம் வைக்கும் உரிமை இருக்கிறது. இவர்களுக்கு அவை இன்னும் கிடைக்கவில்லை. டார்ட்மவுத் கல்லூரி ஆண்கள் கூடைப்பந்து அணி 2024 மார்ச்சில் 13–2 என்று வாக்களித்துச் சங்கம் அமைக்க முடிவெடுத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் மனுவைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. கிடைக்காததைக் கிடைத்ததாக நம் சொல் காட்டக் கூடாது.

அப்புறம், 'மாணவ விளையாட்டு வீரர்'. இதை நம் பட்டியலில் பொதுச்சொல்லாகச் சேர்க்கவே கூடாது என்கிறேன். 1955இல் கொலராடோவில் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காக அமெரிக்கக் கால்பந்து ஆடிய ரே டெனிசன், களத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். வேலையில் இறந்தவருக்கான இழப்பீட்டை அவர் மனைவி கேட்டார். கொலராடோ உச்ச நீதிமன்றம் 1957இல் மறுத்துவிட்டது. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட கோரிக்கைகள் எழும் என்ற அச்சத்தில்தான் 'ஸ்டூடன்ட்-அத்லெட்' என்ற சொல்லை உருவாக்கிப் புழக்கத்தில் விட்டோம் என்று என்சிஏஏவின் தலைமை நிர்வாகியாக இருந்த வால்டர் பையர்ஸே பின்னாளில் எழுதியிருக்கிறார். ஒரு விதவைக்குப் பணம் போய்விடக் கூடாது என்ற கணக்கில் பிறந்த சொல்லை நாம் நல்லெண்ணத்தோடு தமிழாக்கி வைப்பதா? என்சிஏஏ விதிகளை மேற்கோள் காட்டும்போது மட்டும் 'மாணவ விளையாட்டாளர்' என்று எழுதுவோம். நம் வாக்கியத்தில் 'கல்லூரி விளையாட்டாளர்' போதும். ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும், ஓட்டக்காரருக்கும் நீச்சல்காரருக்கும் பொருந்தும்.

'இடஞ்சார்' வேறு துறைக்கும் உதவுமா என்று தொலைப்பணி இழையில் அக்கா ஒருவர் கேட்ட கேள்விக்கும் இங்கே பதில் கிடைக்கிறது. 'இடஞ்சார்' என்ற அடைமொழி விளையாட்டுக்கும் தேவைப்படும். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர் அமெரிக்க மண்ணில் விளம்பர வேலை செய்து சம்பாதித்தால் விசாவுக்கே ஆபத்து. கென்டக்கி பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியில் ஆடிய காங்கோ நாட்டு ஆஸ்கர் ஷிப்வே, 2022 ஆகஸ்டில் அணியோடு பஹாமாஸ் போனபோது அங்கே வைத்துத்தான் விளம்பர வேலைகளை முடித்துக்கொண்டார். வேலை ஒன்றுதான், செய்த நாடு வேறு. 'இடஞ்சார் வருவாய்' என்று தாராளமாக எழுதலாம்.

மறுப்பு வராவிட்டால் 'சாயலுரிமை', 'வருவாய்ப் பங்கு', 'கல்லூரி விளையாட்டாளர்' மூன்றையும் விளக்கத்தோடு விக்சனரியில் ஏற்றிவிடுகிறேன். 2018இல் வந்த 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' மட்டும் பாக்கி. கல்லூரி மாற விரும்புவோர் பெயர் பதியும் தரவுத்தளம் அது. 'போர்ட்டல்' என்பதை நேரே பெயர்த்து 'வாசல்' என்று தொடங்கும் சொல் எனக்கு ஒப்பவில்லை. டி.சி.யை 'மாற்றுச் சான்றிதழ்' என்கிறோம். அந்த வழியில் 'மாற்றுப் பதிவேடு' எப்படி இருக்கிறது?