ரூத் 4-ல் செருப்பைக் கழற்றியது யார்?

கோத்தகிரி வாசகி:

எல்லாருக்கும் தோத்திரம். இந்த மாதம் எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் வேதாகமத்தின் ரூத் புத்தகம்: விதவையான ரூத், அவள் மாமியார் நகோமி, ரூத்தைக் கல்யாணம் செய்துகொள்ளும் உறவினர் போவாஸ், இவர்கள் கதை. நாற்பது நிமிஷம்தான் கிடைக்கும். உபாகமம் 25-ல் விதவையே மைத்துனனின் பாதரட்சையைக் கழற்றித் துப்ப வேண்டும் என்றிருக்கிறது. ரூத் 4-ல் போவாஸைவிட நெருங்கிய உறவினன் ஒருவன் தானே கழற்றிக் கொடுக்கிறான், துப்புவதும் இல்லை. இரண்டும் ஒரே சட்டமா? நகோமியின் நிலத்தை மீட்கிறேன் என்று 4:4-ல் சொன்னவன் 4:6-ல் ஏன் பின்வாங்கினான்? இன்னொன்று, ரூத்தின் தாழ்மை என்றால் "மாமியார் சொல்லைத் தட்டாத மருமகள்" என்றே சொல்லி வருகிறோம். கல்யாணத்துக்கு நிற்கும் பிள்ளைகள் முன்னால் அப்படியே சொல்லலாமா?

குன்னூர் மலைப்பாதை:

ஒரே சட்டம் இல்லை சிஸ்டர். உபாகமம் 25:5-10 பேசுவது கூடவே குடியிருக்கும் உடன்பிறந்த சகோதரர்களைப் பற்றி. ஒருவன் ஆண்பிள்ளை இல்லாமல் இறந்தால், சகோதரன் அவன் மனைவியைச் சேர்த்துக்கொண்டு, பிறக்கும் முதல் பிள்ளையை இறந்தவன் பேரில் நிறுத்த வேண்டும். மறுப்பவனுக்கு வருவது அவமானம், அவன் வீட்டுக்கே "பாதரட்சை கழற்றிப்போடப்பட்டவன் வீடு" என்று பேர் ஆகிவிடும். போவாஸ் ரூத்தின் இறந்த கணவன் மக்லோனின் சகோதரன் இல்லை. நகோமியின் மகன்கள் மக்லோனும் கிலியோனும் இருவருமே மோவாபில் செத்துப்போனார்கள். இனி வயிற்றில் பிள்ளைகள் உண்டா என்று நகோமி 1:11-ல் கேட்பது அதனால்தான்.

ரூத் 4-க்கு அடிப்படை லேவியராகமம் 25:25. வறுமையில் நிலத்தை விற்றவனுக்காக நெருங்கிய உறவினன் மீட்க வேண்டும். நம் வேதாகமத்தில் ரூத் புத்தகம் முழுக்க "சுதந்தரவாளி" என்று வருவது இவன்தான். எபிரெயத்தில் கோஏல். எண்ணாகமம் 35-ல் இரத்தப்பழி வாங்குகிறவனுக்கும் இதே சொல்தான். ரூத் 4-ல் செருப்பு அவமானம் இல்லை, கைமாற்றுக்கு அடையாளம். பத்திரப்பதிவு இல்லாத காலத்துக் கையெழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். பூர்வகால வழக்கம் என்று 4:7-ல் எழுதினவரே விளக்கம் தருகிறார். படிக்கிறவர்கள் காலத்திலேயே அது மறந்துபோயிருக்க வேண்டும்.

பின்வாங்கினதற்குக் காரணம் கணக்கு. நகோமிக்குப் பிள்ளை பெறும் வயசு தாண்டிவிட்டது. அவளிடம் நிலம் வாங்கினால் அது தன் பிள்ளைகளுக்கே வந்து சேரும். 4:5-ல் போவாஸ் ரூத்தையும் சேர்க்கிறார். இப்போது பணம் இவன் கையிலிருந்து போகும், ரூத்துக்கு மகன் பிறந்தால் நிலம் மக்லோன் பேரில் அந்தப் பிள்ளைக்குப் போகும், வளர்க்கிற செலவும் இவன் தலையில். "என் சுதந்தரம் கெட்டுப்போகும்" என்று அவன் சொல்வது இதைத்தான். அவனைக் கெட்டவன் ஆக்கிவிட வேண்டாம், அண்ணன் தம்பிக்குரிய கடமை அவன்மேல் இல்லை. ஆனால் எழுதினவர் அவனுக்குப் பேர் கொடுக்கவில்லை, எபிரெயத்தில் பெலோனி அல்மோனி, "இன்னார்" என்கிற மாதிரி.

இந்தப் பேச்சு நடந்த ஊர்வாசலை விளக்க நமக்கு ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், பெரியவர்கள் கூடும் இடம் போதும். போவாஸ் 10 மூப்பரை உட்கார வைத்துவிட்டுத்தான் பேச்சையே எடுக்கிறார்.

கேத்தி காட்டுவழி:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். முதல் அதிகாரத்தில் ரூத் செய்வதே மாமியார் சொல்லைத் தட்டுவதுதான்! தாய்வீட்டுக்குத் திரும்பிப் போங்கள் என்று நகோமி மறுபடி மறுபடி சொல்கிறாள். சொன்னபடி கேட்டவள் இன்னொரு மருமகள் ஓர்பாள். போவாஸ் படுத்திருக்கும் களத்துக்குப் போகச் சொன்னபோது ரூத் சொன்னபடி செய்தாள், அது உண்மை. ஆனால் "நீ செய்யவேண்டியதை அவன் சொல்வான்" என்று நகோமி 3:4-ல் சொல்லியனுப்ப, 3:9-ல் ரூத்தே அவருக்குச் சொல்கிறாள்: உம்முடைய போர்வையை விரியும், நீர் சுதந்தரவாளி.

அந்தப் "போர்வை"யில் நில்லுங்கள். எபிரெயத்தில் கானாஃப், சிறகு என்றும் ஆடையின் ஓரம் என்றும் பொருள். 2:12-ல் தேவனுடைய "செட்டைகளின்கீழ்" வந்தாய் என்று போவாஸ் வாழ்த்தினாரே, அதுவும் கானாஃப்தான். வாழ்த்தின வாயிடமே, அந்தச் சிறகை நீரே விரியும் என்று கேட்கிறாள். தமிழில் சொல் மாறிவிட்டதால் இது நம் கண்ணில் படுவதில்லை. அதேபோல் 2:13-லும் 3:9-லும் தமிழில் "அடியாள்". எபிரெயத்தில் முதலில் ஷிஃப்கா, பிறகு ஆமா. பொதுவாக ஷிஃப்கா கீழ்ப்பட்ட வேலைக்காரியைக் குறிக்கும். தன் இடம் எது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது, எவ்வளவு கேட்கலாம் என்றும்.

போவாஸின் தாழ்மையையும் விட்டுவிடாதீர்கள். மனசு இருந்தும், என்னிலும் கிட்டினவன் ஒருவன் இருக்கிறான் என்று விடியும்வரை நிறுத்திவைக்கிறார்.

போவாஸின் வயலில் ரூத் கதிர் பொறுக்குவதற்கு உருளைக்கிழங்கு தோண்டின காட்டில் மறுபடி மண்ணைக் கிளறுவதை நினைக்கச் சொல்லுங்கள். 2:17-ல் "மரக்கால்" என்பதை நம் மரக்காலாக எடுத்தால் கணக்கு தப்பும், மூலத்தில் எப்பா, சுமார் 22 லிட்டர். யாத்திராகமம் 16-ன்படி ஒரு ஆளின் ஒருநாள் உணவான மன்னா 1 ஓமர், 10 ஓமர் 1 எப்பா. ஆக ஒருநாள் உழைப்பு இரண்டு பேருக்கு ஐந்து நாள் சாப்பாடு. அரிகளிலிருந்து வேண்டுமென்றே சிந்தவிடுங்கள் என்று போவாஸ் சொல்லியிருந்தார், சட்டம் கேட்டது வயலோரமும் சிந்தினதும் மறந்துவிட்ட அரியும் மட்டுமே.

கோத்தகிரி வாசகி:

ரொம்ப நன்றி. வரதட்சணைக் கேள்வி கட்டாயம் வரும். என்ன சொல்லலாம்?

ஊட்டி பழைய ஏற்பாடு:

எபிரெயரிடம் மோஹர் என்பது மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் தகப்பனுக்குக் கொடுப்பது. யாத்திராகமம் 22:17-லும் 1 சாமுவேல் 18:25-லும் நம் வேதாகமம் "பரிசம்" என்றே போட்டிருக்கிறது. நாம் "பரிசம் போடுதல்" என்பதும் மாப்பிள்ளை வீடு கொண்டுவருவதைத்தானே. பணம் இல்லாத யாக்கோபு ஏழு வருஷ வேலையாகக் கொடுத்தான். தகப்பன் மகளுக்குக் கொடுத்ததும் உண்டு, யோசுவா 15:19-ல் காலேப் மகளுக்கு நீர்ப்பாய்ச்சலான நிலங்களைக் கொடுக்கிறான். ஆனால் கேட்டது அவள், பெற்றது அவள். மாப்பிள்ளை வீடு பட்டியல் போட்டு வாங்கினதாக எங்கும் இல்லை.

ரூத்துக்குப் பரிசம் எதுவும் பேசப்படவில்லை. 4:9-10-ல் நிலத்துக்கும் ரூத்துக்கும் எபிரெயத்தில் ஒரே "கொண்டேன்" (வாங்கினேன்) வருவது சிலருக்கு உறுத்தும். அப்போது 4:13-ஐ வாசிக்கச் சொல்லுங்கள். அங்கே மூலத்தில் இருப்பது வேறு வினைச்சொல், ஈசாக்கு ரெபெக்காளை மனைவியாக்கிக்கொண்டபோது வருகிற அதே சொல்.